சுமை எங்கே உட்கார்கிறது?

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் விடியற்காலையில் கரை சேரும் மீன், வலையிலிருந்து அன்னக்கூடைக்கும் அன்னக்கூடையிலிருந்து பெண்களின் தலைக்கும் மாறும். தலைக்கும் கூடைக்கும் நடுவே ஒரு சும்மாடு இருக்கும். பழைய புடவைத் துணியை முறுக்கி வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகினால் சும்மாடு தயார். அதற்கு இரண்டு வேலை. எடை உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரப்பிக் கொடுக்கிறது. கூடை உருளாமலும் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் எடை கழுத்து, முதுகெலும்பு, இடுப்பு, பாதம் என்று நேராகத் தரைக்கு இறங்கிவிடும். ஷேர் ஆட்டோ வந்தபிறகு தலைச்சுமை நடை குறைந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சும்மாட்டுக்குள் இருக்கும் இயற்பியல் பழசாகவில்லை. முதன்முறையாக மலையேறக் கிளம்பும் புதுச்சேரி இளைஞர் முதுகுப்பை வாங்கப் போகும்போது கேட்பது வேறு கேள்விகள்: எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனி, எத்தனை ஜிப். கடைக்காரரும் லிட்டர் கணக்கில்தான் விற்கிறார். உடலுக்கு லிட்டர் தெரியாது. எவ்வளவு எடை, அது எங்கே உட்கார்கிறது என்ற இரண்டுதான் அதற்குத் தெரியும். பையையும் அதற்குள் போகும் பொருள்களையும் இந்த இரண்டையும் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு, கடந்த அறுபது ஆண்டுகளில் உடலியங்கியல் நிறையச் சான்றுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

தலைச்சுமையிலிருந்தே தொடங்கலாம். 1986இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தங்கள் உடல் எடையில் 20 சதவீதம் வரை சுமந்து நடந்தாலும் கூடுதல் ஆற்றல் செலவாவதில்லை என்று சொன்னது. உலகமே வியந்த முடிவு அது. 2010இல் தென்னாப்பிரிக்காவின் கோசா இனப் பெண்களிடம் சோதித்தபோது அப்படிப்பட்ட ‘இலவசச் சுமை’ தென்படவில்லை. தலைச்சுமையில் கழுத்துவலிதான் தெரிந்தது. இதற்கு நடுவே, 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் நேபாளச் சுமைகூலிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. முதுகுக்கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு எவரெஸ்ட் பகுதியில் ஏறும் ஆண்கள், சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்தார்கள். மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று, நாள்கணக்கில் ஏறினார்கள். இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது, சுமப்பதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதே. சுமை உடலின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு லாபம். மற்றதெல்லாம் பல வருடப் பழக்கமும் நிதானமும் தருபவை. புதிதாகத் தொடங்குபவரிடம் பழக்கம் இல்லை. ஆகவே சுமையின் நெருக்கத்தையாவது அவர் விட்டுவிடக் கூடாது.

அப்படியானால் தலையிலேயே சுமக்கலாமே என்று கேட்கலாம். சமதரையில், சிறுவயதிலிருந்து பழகியவருக்கு அது சரி. காலையில் எடுத்து மதியம் இறக்கிவிடும் சுமைக்கும் அது சரி. கரடுமுரடான ஏற்றத்தில் குனிந்து காலடியைப் பார்க்க வேண்டும், கையால் பாறையைப் பிடிக்க வேண்டும், மரக்கிளைக்குக் கீழே நுழைய வேண்டும். அங்கே முதுகுதான் வழி. ஆனால் முதுகில் மாட்டிய கணமே சுமை நடுக்கோட்டை விட்டுப் பின்னால் போய்விடுகிறது. 12 கிலோ சுமை கிட்டத்தட்ட 120 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. அதன் ஈர்ப்பு மையம் முதுகெலும்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், உடலைப் பின்னுக்குச் சாய்க்கும் திருப்புவிசை 30 நியூட்டன் மீட்டர். அதே பொருள்களை அடுக்கிய விதத்தை மாற்றி மையத்தை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 18 நியூட்டன் மீட்டர்தான். ஒரு கிராம்கூடக் குறைக்காமல் 40 சதவீதம் குறைந்துவிட்டது! இந்த இழுப்பைச் சரிக்கட்டத்தான் நாம் முன்னால் குனிந்து நடக்கிறோம். மாலையில் கழுத்தும் அடிமுதுகும் வலிப்பதும் அதனால்தான். தண்ணீர், சாப்பாடு போன்ற கனமான பொருள்கள் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வரவேண்டும். துணிமணி வெளிப்பக்கமும் அடியிலும் போகலாம். தடிமனாகப் பின்னுக்குத் துருத்தும் பையைவிட, ஒல்லியாக உயர்ந்த பை நல்லது. வெளிப்பக்கம் நிறைய பாக்கெட் தைத்த பை கடையில் வசதியாகத் தோன்றும். அந்தப் பாக்கெட்டுகள் நிரம்ப நிரம்ப எடை முதுகை விட்டு விலகிப் போகும்.

அடுத்தது எவ்வளவு எடை என்ற கேள்வி. அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகத்தில் பேண்டால்ஃப் குழுவினர் 1977இல் ஒரு சமன்பாடு தந்தார்கள். நடப்பவரின் எடை, சுமை, வேகம், சரிவு, தரையின் தன்மை ஆகியவற்றைப் போட்டால் செலவாகும் ஆற்றல் வரும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 12 கிலோ பையோடு மண்பாதையில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் மணிக்குச் சுமார் 200 கிலோகலோரி. அதே ஆள் அதே வேகத்தில் 10 சதவீத ஏற்றத்தில் ஏறினால் 470 அளவுக்குப் போகும். பையை 6 கிலோவாகக் குறைத்தால்? ஏற்றத்தில் 430. சுமையைப் பாதியாக்கியும் மிச்சம் எட்டு சதவீதம்தான். இந்தக் கணக்கை வைத்து, பை கனமாக இருந்தால் என்ன, இரண்டு கடலை மிட்டாய் கூடச் சாப்பிட்டால் போச்சு என்று வாதிடுபவர்கள் உண்டு. கலோரி அளவில் அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் முதல் பயணத்தில் பாதியில் உட்கார்ந்துவிடுபவர்கள் கலோரி தீர்ந்து உட்காருவது அரிது. தோள் மரத்துப்போவது, முழங்கால் நடுங்குவது, பாதத்தில் கொப்புளம் வருவது ஆகிய மூன்றும்தான் அவர்களை உட்கார வைக்கின்றன. மூன்றும் குறிப்பிட்ட இடங்களில் குவியும் அழுத்தத்தால் வருபவை. மொத்தக் கலோரிக் கணக்கில் இவை தென்படுவதில்லை.

தோளை முதலில் எடுத்துக்கொள்வோம். தோள்வார் அழுத்தும் இடத்துக்கு அடியில், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை ஓடுகிறது. கனமான பையை நெடுநேரம் தோளிலேயே தொங்கவிட்ட படைவீரர்களுக்குக் கை மரத்து, தூக்க முடியாமல் போனதை ராணுவ மருத்துவம் ‘ரக்சாக் பால்சி’ என்று பதிவு செய்திருக்கிறது. சட்டமும் இடுப்புப் பட்டையும் உள்ள பையில் இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் கொண்ட பைகளை விற்கத் தொடங்கியதிலிருந்து, இன்று நாம் காணும் பெரிய பைகள் எல்லாம் அதே யோசனையின் தொடர்ச்சி. நல்ல இடுப்புப் பட்டை 80 சதவீத எடையை இடுப்புக்கு மாற்றிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அளந்து பார்த்தவர்களின் எண் அவ்வளவு தாராளமாக இல்லை. லாஃபியாண்ட்ராவும் ஹார்மனும் 2004இல் வெளியிட்ட அளவீட்டில், சட்டமுள்ள ராணுவப் பையின் செங்குத்து விசையில் 30 சதவீதம் கீழ்முதுகுக்கும் இடுப்புக்கும் போனது. மீதி 70 தோளிலும் மேல்முதுகிலுமே இருந்தது. பையும் மாட்டும் விதமும் மாறினால் எண்ணும் மாறும். இருந்தாலும் 12 கிலோவில் 30 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோவுக்கு மேல். இடுப்புப் பட்டை இருக்கிறதே என்று நம்பிப் பையை நிரப்புபவருக்கும், நம் வெயிலுக்குப் பட்டை எதற்கு, வியர்வைதான் ஊறும் என்று அதை அவிழ்த்துத் தொங்கவிடுபவருக்கும் பதில் இந்த ஓர் எண்ணில் இருக்கிறது. வியர்வை ஊறுவது நிஜம்தான்; கடலோர ஈரக்காற்றில் அது காயவும் காயாது. அதற்காகவே ஐந்தாறு கிலோவுக்குக் குறைவான ஒருநாள் பைக்குத் தடித்த பட்டை தேவையில்லை, ஆடாமல் பிடிக்கும் மெல்லிய வார் போதும் என்பேன். அதற்கு மேலே போனால் வியர்வையைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

பட்டை வேலை செய்ய வேண்டுமானால் பை உங்கள் முதுகு நீளத்துக்குப் பொருந்த வேண்டும். உடல் உயரம் இங்கே ஏமாற்றும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு முதுகு நீளமாகவும் இருக்கும். தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினால் ஆள்காட்டி விரலுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். அந்த இரண்டு விளிம்புகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து கழுத்தெலும்பு வரை தையல்காரர் டேப்பால் அளந்தால் அதுதான் முதுகு நீளம். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 40 முதல் 52 சென்டிமீட்டருக்குள் வரும். கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. ஏழெட்டுக் கிலோ எதையாவது உள்ளே வைக்கச் சொல்லி, எல்லா வார்களையும் தளர்த்தி, மாட்டிக்கொண்டு, முதலில் இடுப்புப் பட்டையைப் போட வேண்டும். பட்டையின் நடுப்பகுதி எலும்பு விளிம்பின் மேல் உட்காரவேண்டும். வயிற்றில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும், தொடைக்கு இறங்கினால் கால் தூக்க முடியாது. பக்கிளை இறுக்கியபின் தோள்வார்களை முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுத்து, மார்பு வாரைக் கடைசியில் போடலாம். இப்போது தோள்வாருக்கு அடியில் விரல் நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடந்து பார்க்கவேண்டும். பட்டைக்கு அடியில் ஜீன்ஸ் பெல்ட்டோ சுடிதார் நாடா முடிச்சோ மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் தோல் வழன்றுவிடும். இலாஸ்டிக் இடுப்புள்ள பேன்ட்தான் தோது. சராசரியாகப் பெண்களின் முதுகு நீளம் குறைவு, இடுப்பின் வளைவு வேறு. அதற்கேற்ப வெட்டிய பைகள் சந்தையில் உண்டு. நிறத்தை மட்டும் மாற்றிப் பெண்களுக்கானது என்று விற்பவையும் உண்டு. அளவுநாடாவை நம்புங்கள்.

பையைப் பற்றி இத்தனை சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: காசு குறைவாக இருந்தால் முதலில் வாங்கவேண்டியது ஷூதான். சூலும் கோல்ட்மேனும் 1969இல் தலை, கை, பாதம் ஆகிய மூன்று இடங்களில் சுமையை வைத்து ஆற்றல் செலவை அளந்தார்கள். ஒரு கிலோ உடல் எடையை நகர்த்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால், தலையில் வைத்த ஒரு கிலோவுக்கு 1.2 மடங்கும் பாதத்தில் கட்டிய ஒரு கிலோவுக்கு வேகத்தைப் பொறுத்து 4 முதல் 6 மடங்கும் ஆனது. ஒவ்வொரு அடியிலும் பாதத்தை நிறுத்தி மறுபடி வேகமூட்ட வேண்டியிருப்பதே காரணம். கணுக்கால் வரை மூடும் கனமான பூட்ஸ் ஒரு ஜோடி 1,400 கிராம், பிடிமானமுள்ள சாதாரண மலைநடை ஷூ 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 800 கிராம். செலவுக் கணக்கில் மூன்று, நான்கு கிலோவுக்குச் சமம். விலையுயர்ந்த இலகுப் பை வாங்கி ஒரு கிலோ மிச்சப்படுத்துபவர், காலில் அதைப்போல மூன்று மடங்கைக் கட்டிக்கொண்டு நடக்கலாமா? கனமான பூட்ஸ் இல்லையென்றால் கணுக்கால் சுளுக்கும் என்பார்கள். கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 622 பேரிடம் உயர்ந்த ஷூவையும் தாழ்ந்த ஷூவையும் ஒப்பிட்ட 1993ஆம் ஆண்டு ஆய்வில், சுளுக்கு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மைதானமும் மலையும் ஒன்றல்ல. முள்ளும் அட்டையும் உள்ள ஈரக்காட்டில் உயர்ந்த ஷூவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் காய்ந்த பாறை மலைகளில் அந்த நியாயம் பொருந்தாது.

இனிப் பைக்குள் போவது. எடையில் பாதிக்கு மேல் தண்ணீரும் சாப்பாடும் பிடிக்கும். தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மாற்றவும் முடியாது. வழியில் எங்கே நிரப்பலாம் என்று முன்பே விசாரித்து வைப்பதுதான் எடையைக் குறைக்கும் ஒரே வழி. சாப்பாட்டில் கணக்கு வேறு. வெந்த சோற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். 100 கிராமுக்கு 130 கிலோகலோரி. கடலை மிட்டாயில் அதே 100 கிராமுக்குச் சுமார் 500. ஆயிரம் கிலோகலோரியைச் சோறாகக் கட்டினால் முக்கால் கிலோ, கடலை மிட்டாயாக எடுத்தால் 200 கிராம். புளியோதரையை முதல் வேளைக்குக் கட்டிக்கொண்டு, மீதி வேளைகளுக்கு அவல், வறுகடலை, பேரீச்சை என்று போகலாம். துணியில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்திபோல் சுகமானது இல்லை. வியர்வையை உறிஞ்சிக் குளிரூட்டும். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறரை டிகிரி குறையும். கடல்மட்டத்தில் 26 டிகிரி இருக்கும் இரவு, கொடைக்கானல் உயரத்தில் 12, 13க்கு வந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், வியர்த்து நனைந்த பருத்திச் சட்டையோடு அங்கே உட்கார்ந்தால் உடல் சூடு மளமளவென இறங்கும். ஜீன்ஸ் இன்னும் மோசம். நனைந்தால் கிலோக்கணக்கில் கனக்கும், மறுநாளும் காயாது. சீக்கிரம் உலரும் ஒரு செயற்கை இழைச் சட்டை நடப்பதற்கு, உலர்ந்த ஒரு செட் தூங்குவதற்கு, ஈரிழைத் துண்டு ஒன்று. மழையுறையைப் பைக்கு வெளியே மாட்டினாலும் முதுகுப்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். கெட்டியான பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பைக்குள்ளே விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குவதே பாதுகாப்பு.

இத்தனை கணக்கு எதற்கு, ஆகஸ்ட் கடைசியில் புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பக்தர்கள் ஒரு துணிப்பையோடு வெறுங்காலில் நடந்து போகிறார்களே என்பது நியாயமான எதிர்வாதம். 1955இல், 67 வயதில், எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி சாதாரண கேன்வாஸ் ஷூவும் தானே தைத்த ஒரு துணி மூட்டையுமாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையை முடித்தார் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். இரண்டும் என் வாதத்தையே தாங்குகின்றன. அவர்களை நடக்க வைத்தது, சுமந்தது மிகக் குறைவு என்பது. அவர்கள் குறைவாகச் சுமக்க முடிந்ததற்கும் காரணம் உண்டு: பாதயாத்திரை வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் இருக்கின்றன, கேட்வுட்டுக்கு வழியோர வீடுகளில் உணவும் இடமும் கிடைத்தன. காட்டுக்குள் அந்தப் பந்தல் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீயை எந்தப் பையும் தடுத்திருக்காது; அனுமதி, பருவம், வழிகாட்டி ஆகியவைதான் முதல் பாதுகாப்புச் சாதனங்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. எடையைக் குறைக்கிறேன் என்று பாதுகாப்பைக் குறைத்துவிடுவார்கள் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: ஹெட்லேம்ப், விசில், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், கட்டுத்துணியும் பிளாஸ்டரும், ரெயின்கோட், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டாது. பையைக் கனக்கச் செய்பவை மூன்றாவது பேன்ட், கண்ணாடி பாட்டில், இரண்டாவது ஜோடி ஷூ, புளூடூத் ஸ்பீக்கர் போன்றவை. அடுப்பைப் பட்டியலிலேயே சேர்க்கவேண்டாம். காய்ந்த காட்டில் தொடக்கக்காரர் கையில் தீ இருக்கக்கூடாது.

கடைசியாக, லிட்டர். ஒரே செலவில் 60 லிட்டர் பையாக வாங்கிவிட்டால் எதற்கும் உதவும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. காலி இடம் இருந்தால் அதை நிரப்பாமல் யாரும் கிளம்புவதில்லை. நிரப்பாவிட்டால் பொருள்கள் உள்ளே ஆடி, மையம் ஒவ்வொரு அடியிலும் இடம் மாறும். பெரிய பையின் சொந்த எடையே இரண்டு கிலோ இருக்கலாம். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு இணையத்தில் பதிவுசெய்யத் திறந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடிபவை. அதற்கு 20 முதல் 25 லிட்டர் தாராளம். ஓர் இரவு தங்கலுக்கு 35 முதல் 45 போதும். 60 லிட்டர் தேவைப்படும் இமயமலைப் பயணம் வரும்போது வாடகைக்கோ நண்பரிடமோ எடுக்கலாம். அதற்குள் உங்கள் முதுகு நீளமும் நடையும் உங்களுக்கே தெரிந்திருக்கும். சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நல்ல மேல்வரம்பு. ஆனால் 45 கிலோ எடையுள்ளவரின் டென்ட்டும் தண்ணீரும் 80 கிலோக்காரருடையதைவிடச் சிறியவை அல்ல. குழுவாகப் போகும்போது பொதுச் சாமான்களை ஆளுக்குச் சமமாகப் பிரிக்காமல் உடல் எடைக்கு ஏற்பப் பிரிப்பதே நியாயம்.

வாங்கியதும் மலைக்கு ஓடவேண்டியதில்லை. புதுச்சேரி சமதரைதான், ஆனால் மணல் இருக்கிறது. 1998இல் லெஜூன் குழுவினர் அளந்தபோது, மணலில் நடக்கக் கெட்டித்தரையைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் ஆனது. பேண்டால்ஃப் சமன்பாட்டிலும் தளர்மணலின் எண் 2.1தான்; அதே 60 கிலோ ஆள் அதே 12 கிலோ பையோடு மணலில் நடந்தால் மணிக்கு 320 கிலோகலோரி செலவாகும். மூச்சுக்கும் கெண்டைக்காலுக்கும் இது நல்ல பயிற்சி. மணல் சொல்லித்தராதது இறக்கம். இறங்கும்போது உடல் எடையோடு சுமையும் சேர்ந்து ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழுகிறது. தொடைத் தசை நீண்டுகொண்டே அதைத் தடுத்து நிறுத்தவேண்டும், பழகாத தசைக்கு அது புது வேலை. இரண்டு கைத்தடிகளோடு இறங்கினால் முழங்கால் மூட்டின் சுமை 12 முதல் 25 சதவீதம் குறைவதை 1999இல் ஷ்வாமெடர் குழுவினர் அளந்து காட்டினார்கள். வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி செய்வதும் இதே வேலையைத்தான், ஒரு கைக்கு மட்டும். இறக்கத்தைப் பழக நமக்குப் பக்கத்தில் இருப்பது செஞ்சி. சுமார் 70 கிலோமீட்டர். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி, வழியெல்லாம் கல்படிகள். வெயிலுக்கு முன் காலையில் ஏறத் தொடங்கி, எடுத்துப்போக நினைக்கும் எல்லாப் பொருளையும் அதே பையில் அதே வரிசையில் அடுக்கிச் சுமந்து ஏறி இறங்கிப் பாருங்கள். குரங்குகள் அதிகம், சாப்பாட்டைப் பைக்கு வெளியே தொங்கவிட வேண்டாம். இறங்கி வந்ததும் பையைக் கொட்டி, தொடாமலே திரும்பி வந்த பொருள்களைத் தனியே எடுத்து வைத்து நிறுத்துப் பாருங்கள். மருந்துப் பொட்டலத்தையும் ரெயின்கோட்டையும் தவிர, அந்தக் குவியலில் இருக்கும் மற்றவை அடுத்த பயணத்துக்கு வேண்டாம்.